தவளையின் கண்ணும் மலைக்கு ஏறிய உப்பும்

ஊவா மாகாணத்தின் நிலவமைப்பை நோக்குவோர்க்கு அதன் இருவேறு இயல்புகள் உடனே புலனாகும். ஒருபால் பதுளை மாவட்டம். ஹப்புத்தளை, பண்டாரவளை, பசறை, மடுல்சீமை, நமுனுகுல எனத் தேயிலை போர்த்த மலைகள். மறுபால் மொனறாகலை மாவட்டத்தின் வறண்ட தாழ்நிலம். மழைக்காலத்தில் மலைப்பகுதியின் நீர்த்தொட்டிகளுக்கும் ஓடைகளுக்கும் மேலே வெண்ணுரைக் கூடுகள் தொங்குவதைத் தோட்டப்புறச் சிறுவர் யாவரும் கண்டிருப்பர். அவை மரத்தவளைகள் முட்டையிட்ட கூடுகள். முட்டை பொரித்து நீரில் விழும் வாற்பேத்தைக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் ஒன்றையொன்று காணாதவை போல அமைந்திருக்கும். சில வாரங்கள் கழிய, வால் சுருங்கிக் கால் முளைத்துத் தவளை கரையேறும்போது, அக்கண்கள் மேலெழுந்து முன்னோக்கியவையாக மாறிவிடுகின்றன. பாசியை மேய்ந்து திரிந்த உயிர், பறக்கும் பூச்சியின் தூரத்தை அளந்து நாவெறிந்து பிடிக்கும் உயிராகிறது.

கண் இடம் மாறினால் மட்டும் இது கைகூடாது. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பல்லாயிரம் நரம்பிழைகளும் புதிய ஒழுங்கிற்கு வரவேண்டும். அவ்வொழுங்கை ஏற்படுத்துவது எது? இவ்வினாவிற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் விடை தேடிய அறிவியலாளர் கண்டறிந்த பொருள்களுள் ஒன்று, அயடீனைக் கருவாகக் கொண்ட சுரப்பாகும். அதே அயடீன் இம்மலைகளில் வாழும் மக்களின் வரலாற்றோடும் பிணைந்திருக்கின்றது. இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கு நோக்கும்போது, பிறவிக் குணம் என்று பலரும் எளிதிற் கூறிவிடும் ஒன்று உண்மையில் உரிய காலத்தில் உரிய பொருள் கிடைத்தமையின் அல்லது கிடையாமையின் விளைவாக இருக்கக்கூடும் என்பது தெளிவாகும்.

சுரப்பியும் வாற்பேத்தையும்

கழுத்தின் முன்புறத்தில் அமைந்த தைரொயிட் சுரப்பியில் அயடீன் உண்டு என்பதை ஜேர்மனிய வேதியியலாளர் பௌமன் 1895ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். ஆயின் அச்சுரப்பி உடலில் ஆற்றும் பணி தெளிவாகப் புலப்பட்டது ஒரு தவளைக் குஞ்சின் மூலமாகவே எனலாம். 1912ஆம் ஆண்டிற் குடெர்னாட்ச் என்பார், பல்வேறு விலங்குறுப்புகளை வாற்பேத்தைகளுக்கு உணவாகக் கொடுத்துச் செய்த சோதனைகளை வெளியிட்டார். தைரொயிட்டை உண்டவை மட்டும், வளர்ந்து பெருக்க வேண்டிய காலத்துக்கு முன்பே உருமாறி மிகச் சிறிய தவளைகளாயின. நான்கு ஆண்டுகளின் பின் பென்னெட் அலன் என்பார் இதன் மறுதலையை நிறுவினார். தைரொயிட் அகற்றப்பட்ட வாற்பேத்தைகள் உருமாறவேயில்லை. வாற்பேத்தைகளாகவே பெருத்துக்கொண்டு போயின.

இவ்விரு சோதனைகளும் வளர்ச்சி வேறு, உருமாற்றம் வேறு என்பதை உணர்த்தின. உணவு உடலைப் பெருக்கச் செய்யலாம். ஆனால் உடல் தன் அடுத்த நிலைக்குச் செல்வதற்குக் குறித்த ஒரு பொருள் குறித்த வேளையில் வரவேண்டும். அச்சுரப்பியின் தொழிற்படு பொருளாகிய தைரொட்சின் 1914ஆம் ஆண்டின் இறுதியிற் கெண்டல் என்பவராற் பளிங்காகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அயடீன் அணுக்களைத் தாங்கி நிற்பது. அயடீன் இன்றேல் அச்சுரப்பு இல்லை.

திருப்பி வைக்கப்பட்ட கண்

சுரப்பியியலாளர் இவ்வழியிற் செல்ல, நரம்பியலாளர் வேறொரு வழியில் அதே தவளையை நாடினர். கண்ணின் நரம்பிழைகள் மூளையில் தத்தமக்குரிய இடத்தை எவ்வாறு கண்டறிகின்றன என்பதே அவர்தம் வினா. இசுப்பானிய அறிஞர் றமோன் இ கஹால், வளரும் நரம்பிழையின் நுனியை வேதிப்பொருள்கள் ஈர்த்து வழிகாட்டக்கூடும் என்னும் கருத்தை 1890களிலேயே முன்வைத்திருந்தார். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் செல்வாக்குப் பெற்றிருந்த கருத்து வேறு. நரம்பிழைகள் எவ்வாறு இணைந்தாலும் பயன்பாடும் பயிற்சியும் அவற்றைப் பின்னர் சீராக்கும் என்றே பலரும் நம்பினர்.

அந்நம்பிக்கையைச் சோதித்தவர் அமெரிக்க அறிஞர் றொஜர் ஸ்பெரி. தவளை, நீர்ப்பல்லி முதலிய ஈரூடகவாழிகளின் பார்வை நரம்பு அறுபட்டால் மீண்டும் வளரக்கூடியது. பாலூட்டிகளுக்கு இவ்வாற்றல் இல்லை. 1940களின் முற்பகுதியில் அவர் இவ்வுயிர்களின் பார்வை நரம்பை அறுத்துக் கண்ணை 180 பாகை திருப்பி வைத்தார். நரம்பு மீள வளர்ந்தது, பார்வையும் திரும்பியது, ஆனால் உலகம் தலைகீழாயிற்று. மேலே ஈயைக் காட்டினால் தவளை கீழே பாய்ந்தது. முன்னே காட்டினாற் பின்னே திரும்பியது. இப்பிழையை அது பயிற்சியாற் களையவேயில்லை.

இதன் பொருள் யாது? ஒவ்வொரு நரம்பிழையும் விழித்திரையில் தான் பிறந்த இடத்தின் அடையாளத்தைத் தாங்கிச் சென்று, மூளையில் அதற்கு ஒத்த அடையாளமுள்ள இடத்தையே நாடிச் சேர்கின்றது என்பதாம். 1963ஆம் ஆண்டில் ஸ்பெரி இக்கருத்தை விரித்துரைத்தார். அவர் கூறிய அடையாளங்கள் உண்மையில் எவ்வேதிப்பொருள்கள் என்பது 1990களிலேயே தெரியவந்தது. 1981ஆம் ஆண்டு நொபெல் பரிசின் ஒரு பாதி அவருக்குக் கிடைத்தபோதிலும், அது மூளையின் இரு பாதிகள் பற்றிய பிற்கால ஆய்வுக்கே உரியதாயிருந்தது.

வளர்ச்சிக் காரணிகள்

வழியறிந்து செல்வது ஒன்று. சென்ற இடத்தில் வேரூன்றித் தழைப்பது மற்றொன்று. இவ்விரண்டாவதற்கு வேண்டிய பொருள்களின் வரலாறு இத்தாலியப் பெண்மணி றீட்டா லெவி-மொன்டால்சினியுடன் தொடங்குகின்றது. யூத குலத்தவராதலின் முசோலினியின் ஆட்சியிற் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கப்பட்ட அவர், போர்க்காலத்திற் தம் வீட்டு அறையிலேயே கோழிக் கருக்களை ஆராய்ந்தார். போரின் பின் அமெரிக்கா சென்று விக்டர் ஹம்பர்கருடனும், பின்னர் ஸ்டான்லி கோஹெனுடனும் பணியாற்றியபோது, நரம்புக் கலங்களை வாழவும் கிளைக்கவும் செய்யும் புரதமொன்றைக் கண்டறிந்தார். நரம்பு வளர்ச்சிக் காரணி எனப்படும் இதற்காக லெவி-மொன்டால்சினியும் கோஹெனும் 1986ஆம் ஆண்டு நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இதே குடும்பத்தைச் சேர்ந்த மூளைசார் காரணி ஒன்று 1982ஆம் ஆண்டிற் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

இக்காரணிகள் உயிருள்ள விலங்கின் பார்வைத் தொகுதியில் ஆற்றும் பணியைக் காண்பதற்குத் தவளையே மீண்டும் துணைநின்றது. உடல் ஊடுருவித் தெரியும் ஆபிரிக்க நகத்தவளையின் வாற்பேத்தையில், தனியொரு நரம்பிழைக்குச் சாயமேற்றி அது கிளைப்பதை நாள்தோறும் நோக்க முடிந்தது. கோஹென்-கோரி, பிரேசர் ஆகிய இருவரும் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, மூளைசார் காரணியைப் பார்வை மையத்தில் இட்டபோது நரம்பிழைகள் மிகுதியாகக் கிளைத்தன. அக்காரணியைத் தடுத்தபோது கிளைப்புக் குன்றியது.

அதே ஆண்டில் மக்ஃபார்லேன், ஹோல்ட் முதலியோர் வேறொரு வளர்ச்சிக் காரணியைப் பற்றி வெளியிட்ட முடிவு பெரிதும் சிந்திக்கற்பாலது. நாரரும்பர்க் கலங்களின் பெயரால் வழங்கும் அக்காரணி வழியெங்கும் இயல்பாகவே உண்டு. அதனை அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தபோது, நரம்பிழைகள் தாம் சேரவேண்டிய மையத்தைச் சேராது விலகிச் சென்றன. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழி நரம்பிழைக்கும் பொருந்துவதாயிற்று. வளர்ச்சிப் பொருள் இருப்பது மட்டும் போதாது. அது எங்கே, எப்போது, எவ்வளவு என்பவையே விளைவை முடிவுசெய்கின்றன.

இரு வழிகளும் கூடிய இடம்

சுரப்பியியலாளரும் நரம்பியலாளரும் தொடங்கிய இரு வழிகளும் 1980களிற் கூடின. வாற்பேத்தையில் ஒவ்வொரு கண்ணின் நரம்பிழைகளும் மூளையின் எதிர்ப்பக்கத்திற்கே செல்கின்றன. உருமாற்ற காலத்திலேயே ஒரு பகுதி இழைகள் அதே பக்கத்திற்கும் செல்லத் தொடங்குகின்றன. இரு கண்களும் ஒரே பொருளை நோக்கத் தொடங்கும் தவளைக்கு, இரு கண்களின் செய்தியும் ஓரிடத்திற் கூடுவது இன்றியமையாதது. ஹொஸ்கின்ஸ், குறோப்ஸ்டைன் ஆகியோர், தைரொயிட்டின் தொழில் தடுக்கப்பட்ட வாற்பேத்தையின் ஒரு கண்ணில் மட்டும் தைரொட்சினை இட்டனர். அக்கண்ணிலிருந்தே புதிய வழி முளைத்தது. 1984ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, அயடீன் தாங்கிய சுரப்புக் கண்ணின் மீதே நேராகத் தொழிற்படுவதை உணர்த்திற்று.

1999ஆம் ஆண்டில் டொனால்ட் பிறவுண் குழுவினர் மேலும் ஒரு நுட்பத்தை வெளிப்படுத்தினர். உருமாற்ற காலத்தில் விழித்திரையின் கீழ்ப்பாதி விரைந்து வளர, மேற்பாதி அவ்வாறு வளர்வதில்லை. இரத்தத்தில் வரும் சுரப்பு இரண்டிற்கும் ஒன்றே. மேற்பாதியின் விளிம்பிலுள்ள கலங்களோ அச்சுரப்பைச் சிதைக்கும் நொதியமொன்றைக் கொண்டிருக்கின்றன. அதனால் அவை அதன் ஏவலைக் கேளாதிருக்கின்றன. அடுத்த ஆண்டில் நகாகவா, ஹோல்ட் முதலியோர், இரு பார்வை நரம்புகளும் சந்திக்கும் இடத்தில் எஃப்ரின் என்னும் வழிகாட்டிப் புரதம் உருமாற்ற காலத்திலே தோன்றிக் குறித்த சில இழைகளை மறித்து அதே பக்கத்திற்குத் திருப்புவதைக் காட்டினர். ஸ்பெரி தேடிய அடையாளமும் குடெர்னாட்ச் ஊட்டிய சுரப்பும் இவ்வாறு ஒரே நிகழ்ச்சியின் இரு கூறுகளாயின.

வாற்பேத்தைப் பருவம் நீரிற் கழியாது முட்டைக்குள்ளேயே முடிந்துவிடும் தவளைகளும் உண்டு. இலங்கையின் புதர்த்தவளைகள் இத்தகையன. 2002ஆம் ஆண்டில் மேகஸ்கும்புர முதலியோர் வெளியிட்ட ஆய்வின் பின், இச்சிறு தீவு ஈரூடகவாழிகளின் வளமிக்க உறைவிடமாக உலகில் அறியப்பட்டது. கரிபியன் பகுதியைச் சேர்ந்த அவ்வாறானதொரு தவளையில் 2000ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட ஆய்வு, நேரே தவளையாகப் பொரிக்கும் கருவுக்கும் தைரொயிட் சுரப்பு வேண்டியிருப்பதைக் காட்டியது. பருவம் கண்ணுக்குப் புலனாகாது மறைந்தாலும் அதன் தேவை மறைவதில்லை. தாயின் கருவில் வளரும் மனிதக் குழவியைப் பற்றி எண்ணுவார்க்கு இது நினைவிற் கொள்ளற்பாலது.

மலைக்கு ஏறிய உப்பு

மனிதனின் கண் தவளையின் கண்போல் உருமாறுவதில்லை. ஆயினும் மனித மூளையின் வளர்ச்சிக்கு அதே சுரப்பு இன்றியமையாதது. கருவின் முதல் மாதங்களில் அதனைத் தாயே அளிக்கின்றாள். வளர்ந்தோர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயடீன் 150 மைக்குரோகிராம், கருவுற்றவளுக்கு 250. எழுபது ஆண்டு வாழ்பவரின் வாழ்நாள் முழுமைக்கும் வேண்டியது ஒரு தேக்கரண்டியளவும் நிறையாது. அச்சிறு பொருளுக்கும் வரலாறு உண்டு.

அயடீனின் பெருங்களஞ்சியம் கடல். கண்டி இராச்சியத்திற்கோ 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின் கடற்கரையே இல்லாதொழிந்தது. கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவ்விராச்சியத்தின் பகுதியாயிருந்த ஊவாவிற்கு உப்பும் கருவாடும் தாழ்நிலத்திலிருந்து பொதிமாடுகளின் முதுகிலேறி வந்தன. 1815ஆம் ஆண்டில் இராச்சியம் பிரித்தானியரிடம் வீழ்ந்தது. 1818ஆம் ஆண்டின் ஊவா-வெல்லஸ்ஸ கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டது. உப்பு அரசாங்கத்தின் தனியுரிமையாக இருந்தது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய லெனாட் வுல்ஃபின் கடமைகளுள் உப்புச் சேகரிப்பு முதன்மையானதொன்று.

இதற்கிடையில் மலைகளின் முகம் மாறிவிட்டது. காடழித்துக் கோப்பி நடப்பட்டது; 1869ஆம் ஆண்டிற் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை நிரப்பிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் லயங்களிற் குடியேறினர். 1886ஆம் ஆண்டில் ஊவா தனி மாகாணமாயிற்று. 1924ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. தேயிலை கீழிறங்க, அரிசியும் உப்பும் மேலேறின.

ஆனால் இங்கே ஓர் உண்மையை மறத்தலாகாது. உப்பு மலைக்கு ஏறியபோதும் அயடீன் ஏறவில்லை. கடல்நீரைக் காயவைத்துப் பெறும் சாதாரண உப்பில் அயடீன் மிகச் சொற்பமே எஞ்சுகின்றது. கடலின் அயடீனைத் தாங்கி வருவன பெரும்பாலும் மீனும் கருவாடுமே. கூலியின் அளவிற்குள் அடங்கிய உணவில் அவற்றின் பங்கு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பர். உப்பிருந்தும் பயனில்லாத நிலையொன்று உண்டென்பதை அக்காலத்தவர் அறிந்திலர்.

கழலையைக் கணக்கிட்டோர்

அயடீன் குறைந்தவிடத்துத் தைரொயிட் சுரப்பி பருத்துக் கழுத்துக் கழலையாக வெளிப்படும். இலங்கையில் இதனை முறையாக ஆராய்ந்தோருள் கே. மகாதேவா, எஸ். எஸ். சண்முகநாதன் ஆகியோரின் பெயர்கள் குறிப்பிடத்தக்கன. அவர்களின் ஆய்வு 1967ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 1989ஆம் ஆண்டில் வெளியான பிறிதோர் ஆய்வு 17 மாவட்டங்களில் 59,158 மாணவரை நோக்கி, அவருள் 18.8 சதவீதத்தினர்க்குக் கழலை இருந்ததாகக் கண்டது.

அவ்வாய்வு ஒரு பழைய எண்ணத்தையும் தகர்த்தது. கடலுக்குத் தொலைவான மலைகளிலேயே கழலை மிகும் என்பது பொதுவான கருத்து. ஆனால் ஆராயப்பட்ட மாவட்டங்களுள் உச்ச அளவாகிய 30.2 சதவீதம் காணப்பட்டது கடலோர மாவட்டமாகிய களுத்துறையிலே. மிகக் குறைந்த 6.5 சதவீதத்தைக் கொண்ட மாத்தறையும் கடலோரமே. ஆகவே கடலின் அருகாமை மட்டும் காப்பாகாது. மழை மண்ணை எவ்வளவு கழுவுகின்றது, மண்ணின் களியும் உக்கலும் அயடீனை எவ்வாறு பிடித்துவைக்கின்றன என்பவற்றையும் நோக்கவேண்டும் எனப் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியிரசாயன அறிஞர் சி. பி. திசாநாயக்க முதலியோர் எடுத்துக்காட்டினர். பெருமழை கழுவும் சரிவுகளையும் வறண்ட தாழ்நிலத்தையும் ஒரே எல்லைக்குள் கொண்ட ஊவாவில் இவ்வினா எத்துணைப் பொருத்தமுடையது என்பது வெளிப்படை.

காலத்தின் முக்கியத்துவத்தை உணர்த்திய ஆய்வு பப்புவா நியூகினியின் மலைப்பள்ளத்தாக்கொன்றில் நிகழ்ந்தது. 1966ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வாய்வில் ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு அயடீன் கலந்த எண்ணெய் ஊசியாக ஏற்றப்பட்டது. எண்ணெய் பெற்ற தாய்மாரின் 498 குழந்தைகளுள் 7 பேரும், பெறாதோரின் 534 குழந்தைகளுள் 26 பேரும் பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றியோராயினர். அவ்வெழுவருள் அறுவரின் தாய்மார் ஊசி ஏற்றப்பட்ட வேளையில் ஏற்கெனவே கருவுற்றிருந்தனர். பொருள் வந்தது, வேளை தவறிவிட்டது. உருமாறும் வாற்பேத்தை கற்பித்த பாடத்தையே இத்தாய்மாரின் வரலாறும் துயரத்தோடு கூறுகின்றது.

இந்தியாவின் காங்க்றாப் பள்ளத்தாக்கில் 1956ஆம் ஆண்டு முதல் இராமலிங்கசுவாமி முதலியோர் அயடீன் சேர்த்த உப்பை வழங்கிக் கழலை குறைவதை நிறுவியிருந்தனர். இலங்கையில் மனிதர் உண்ணும் உப்பு யாவும் அயடீன் சேர்த்ததாக இருத்தல் வேண்டும் என்னும் சட்டவிதி 1995ஆம் ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பத்து இலட்சம் பங்கு உப்பிற்குச் சில பத்துப் பங்கு அயடீனே போதுமானதாயிற்று. 2010ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் மாணவரிடையே கழலை ஏறத்தாழ 4 சதவீதமாகக் குறைந்திருந்தது. நூற்றாண்டுகளாக மலைக்கு ஏறிய உப்பு, அப்போதுதான் உண்மையில் அயடீனையும் சுமந்து ஏறிற்று.

எனினும் சட்டம் அடுப்படி வரை தானே நடந்து செல்வதில்லை. கல்லுப்பைக் கழுவிப் பயன்படுத்தினால், சேர்த்த அயடீன் நீரோடு போய்விடும். லயக் காம்பராவின் ஈரத்திலும் அடுப்பின் வெப்பத்திலும் மூடாது வைத்த உப்பிலும் அது குன்றும். உப்பை மூடிய பாத்திரத்தில் வைத்தல், கறி வெந்து இறக்கும் வேளையிற் சேர்த்தல் என்னும் எளிய வழக்கங்கள் ஒரு தேசியச் சட்டத்தின் கடைசி உறுப்புகள் எனலாம்.

தீர்ப்புக்கு முன் கேட்கவேண்டிய வினா

அயடீன் ஒன்றே குழந்தையின் வளர்ச்சியைத் தீர்மானிப்பதன்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டத்துறையிலோ ஏறத்தாழ 32 சதவீதம். 1973-74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிற் தோட்டங்களில் நேர்ந்த பட்டினியை நினைவு கூர்வோர்க்கு, இவ்வேறுபாடு நேற்றுத் தோன்றியதன்று என்பது விளங்கும். உணவிலும் ஊதியத்திலும் மருத்துவ வசதியிலும் குடியுரிமையிலும் நேர்ந்த குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இறுதியில் ஒரு குழந்தையின் உயரமாக அளவுகோலிற் தென்படுகின்றன.

கொழுந்துக் கூடையுடன் மலையேறும் கருவுற்ற பெண்ணின் வயிற்றில், பிள்ளைக் காம்பராவில் விடப்படும் குழந்தையின் தலைக்குள், நரம்பிழைகள் தத்தம் இடத்தைத் தேடிச் சென்றுகொண்டிருக்கின்றன. அவற்றின் வேளை காத்திருப்பதில்லை. தோட்டப்புறப் பிள்ளை படிப்பில் மந்தம் என்று எளிதிற் கூறுவோர், அப்பிள்ளையின் மூளை வளர்ந்த மாதங்களில் அதன் தாய்க்குக் கிடைத்த உணவு யாது, உப்பு யாது என்று முதலிற் கேட்டல் வேண்டும். அதனைக் கேளாது வழங்கும் தீர்ப்பு, தைரொயிட் நீக்கப்பட்ட வாற்பேத்தையைப் பார்த்து இது தவளையாகும் தகுதியற்றது என்று கூறுவதை ஒக்கும்.

திருப்பி வைத்த கண்ணைத் தவளையால் தானே திருத்திக்கொள்ள முடியவில்லை. மனித சமுதாயத்திற்கோ தான் திருப்பி வைத்தவற்றைத் திருத்தும் ஆற்றல் உண்டு. 1995ஆம் ஆண்டின் உப்பு அதற்குச் சான்று. ஊவாவின் மலைகளில் மழைதோறும் நுரைக்கூடுகள் தொங்குகின்றன. வாற்பேத்தைகள் வேளை தவறாது தவளைகளாகின்றன. அம்மலைகளிற் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதன் வேளையில் அதற்குரியது கிடைக்கச் செய்தல், அறிவியல் ஏற்கெனவே விடை கண்டுவிட்ட வினாவாகும். எஞ்சியிருப்பது சமுதாயத்தின் கடமை.